தெற்குச் சுவருக்கு வாங்கிய பேய்ப் படங்கள்

இவர் செத்த வருசம் எங்கள் வீட்டில் தீபாவளி இல்லை என்று மகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன். முதல் வருசம் நிறையும்போது செய்யும் ஆட்டைத் திவசம் முடியும்வரை புதுச்சட்டை இல்லை, பலகாரம் இல்லை, பிறந்தநாளுக்குக் கேக் இல்லை, கலியாணவீடுகளுக்குப் போவதும் இல்லை. அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஒன்பது வயதுப் பிள்ளை தகப்பன் போன வருசத்தில் அவ்வளவு சுலபமாகத் தலையாட்டினால் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று நான் யோசித்திருக்கலாம். அந்த நாட்களில் நான் எதையும் யோசிப்பதில்லை. பிறகு ஒக்டோபர் நடுவில் ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

“அம்மா, ஹலோவீனுக்குச் சுவரிலை படம் ஒட்டலாமோ?”

யாரிடம் கேட்பது? ஐயரைக் கேட்டால் ஹலோவீன் என்றால் என்னவென்று முதலில் அவருக்கு நான் விளங்கப்படுத்த வேண்டியிருக்கும். தீபாவளி எங்களுடையது, அதனால் கூடாது. ஹலோவீன் எங்களுடையது இல்லை, அதற்கு எங்கள் ஆட்கள் இன்னும் சட்டம் போடவில்லை. “ஒட்டு” என்றேன். பாசத்தில் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள், அதற்கு மறுமொழி சொல்ல எனக்கு வாய் வராது. ஓம் என்றால் கதை அதோடு முடிந்தது. அந்த வருசம் முழுக்க நான் எல்லாருக்கும் அப்படித்தான் ஓம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இவர் மார்ச் மாதம் ஒரு காலையில், வேலை செய்த சாப்பாட்டுக் கடையின் குசினியில், வெங்காய மூட்டையைத் தூக்கும்போது விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே எல்லாம் முடிந்துவிட்டது. எனக்குப் போன் வந்தபோது நான் பலெர்மோவில் பொலிதேயாமாப் பக்கம், வேலை செய்யும் சிஞ்ஞோரா வீட்டில் உடுப்பு அயன் பண்ணிக்கொண்டிருந்தேன். கையிலிருந்த சேட்டை முழுக்க அயன் பண்ணி, மடித்து, மற்றச் சேட்டுகளுக்கு மேல் வைத்துவிட்டுத்தான் வெளிக்கிட்டேன். சிஞ்ஞோரா இதைப் பார்த்துப் பயந்துபோய் யாரிடமோ சொல்ல, அது எங்கள் ஆட்களின் காதுக்கும் வந்துவிட்டது. “சேட்டு மடிச்சுவைச்சிட்டு வந்தவளாம்” என்று இன்றைக்கும் கதைப்பார்கள். கதைக்கட்டும், அது உண்மைதானே.

நான் அழவில்லை. செத்தவீட்டில் பெண்கள் ஒவ்வொருவராக வந்து என் தோளைப் பிடித்து உலுக்கி, “அழு பிள்ளை, அழுதிடு, உள்ளுக்கை வைச்சிருக்காதை” என்றார்கள். உள்ளே ஏதாவது இருந்தால்தானே வைத்திருக்க. கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி நானும் தனியே இருக்கும்போது என்னைக் கிள்ளிப் பார்த்திருக்கிறேன். இவருடைய செருப்பை எடுத்துப் பார்த்தேன். சவரம் செய்யும் பிளேட்டை எடுத்துப் பார்த்தேன். செருப்பு செருப்பாகவும் பிளேட் பிளேட்டாகவும் இருந்தன. வேலைக்குப் போனேன், சமைத்தேன், மகளின் தலையில் பேன் பார்த்தேன்.

சாம்பலை இவருடைய தம்பி ஊருக்குக் கொண்டுபோய்க் கீரிமலைக் கடலில் கரைத்தார். இஞ்சை மிஞ்சியது ஒரு படம். பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி புதுப்பிக்க எடுத்த சின்னப் படத்தை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்காகப் பெருப்பித்துச் சட்டம் போட்டோம். அதனால் அதில் இவர் சிரிக்கவில்லை. கியூவில் நின்று களைத்த முகத்தோடு, அடுத்த ஆளைக் கூப்பிடுங்கள் என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பார். அதை வரவேற்பறையின் தெற்குச் சுவரில் மாட்டினோம். நாங்கள் இருக்கும் பிரான்காச்சோ அடுக்குமாடியில் சுவரெல்லாம் கொங்கிறீற், சும்மா சுத்தியலால் ஆணி இறங்காது. அந்தச் சுவரில் இருந்தது ஒரே ஒரு ஆணி. கலண்டர் தொங்கவிடவென்று இவர் யாரிடமோ துளைபோடும் மெசின் இரவல் வாங்கிவந்து அடித்தது. தன் படத்துக்குத் தானே ஆணி அடித்துவைத்துவிட்டுப் போன மனிசன்.

இந்த ஊரின் ஒரு வழக்கத்தையும் இங்கே சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மகள் செய்தது விளங்காது. பலெர்மோவில் நவம்பர் இரண்டாம் தேதி செத்தவர்களின் நாள். மோர்த்தி என்பார்கள். அதற்கு முதல்நாள் இரவு அந்தந்த வீட்டில் செத்துப்போனவர்கள் வந்து பிள்ளைகளுக்குப் பரிசு ஒளித்துவைத்துவிட்டுப் போவார்களாம். காலையில் பிள்ளைகள் எழும்பி வீடு முழுக்கத் தேடி எடுப்பார்கள். விளையாட்டுச் சாமான், சீனிப் பொம்மை, பழம்போலச் செய்த பாதாம் இனிப்பு என்று ஏதாவது கிடைக்கும். சிஞ்ஞோராவின் பேரப்பிள்ளைகளுக்காக நான்தான் வருசா வருசம் கூடையை அலுமாரிக்குப் பின்னால் ஒளித்துவைப்பேன். சிஞ்ஞோராவின் செத்துப்போன புருசனுடைய வேலையை அந்த வீட்டில் செய்தது நான். எங்கள் செத்தவர்கள் வேறு மாதிரி. நாங்கள்தான் அவர்களுக்குச் சமைத்துப் படைப்போம், வாழையிலை கிடைக்காவிட்டால் தட்டிலாவது வைப்போம். அவர்கள் வந்து வாங்கிக்கொண்டு போவார்களே தவிர ஒன்றும் கொண்டுவந்து தரமாட்டார்கள்.

முந்தின வருசங்களில் மகள் பள்ளிக்கூடத்தால் வந்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் பரிசு வந்தது, தனக்கு ஏன் வரவில்லை என்று மூக்கைச் சிந்துவாள். இவர்தான் சமாளிப்பார். “எங்கடை செத்த ஆக்கள் எல்லாம் ஊரிலை பிள்ளை. அங்கையிருந்து இஞ்சை வர விசா குடுக்கமாட்டாங்கள்” என்பார். அவளும் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். நல்ல பகிடி என்று நானும் சிரித்திருக்கிறேன்.

படம் வாங்க ரெயில் நிலையத்துக்குக் கிட்ட இருக்கும் சீனாக்காரரின் கடைக்குப் போனோம். கடையின் பின்பக்கம் ஒரு வரிசை முழுக்க ஹலோவீன். பூசணிக்காய் முகங்கள், சுவரில் ஒட்டும் வௌவால்கள், பஞ்சில் செய்த சிலந்திவலை, கைகால் மூட்டுகளில் கிளிப் போட்ட மட்டை எலும்புக்கூடுகள், இரத்தம் வடியும் கைகள். பொருளைப் பார்த்தவுடன் தூக்கிக் கூடைக்குள் போடுவாள், நாங்கள் கெதியாய் வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்துத்தான் போனேன். அவளோ கலியாணச்சீலை எடுக்க வந்தவள்போல ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, தள்ளிப் பிடித்துப் பார்த்து, திரும்ப வைத்தாள்.

“இதைப் பார் பிள்ளை, நல்ல பயங்கரமாக் கிடக்கு” என்று இரத்தக் கையைத் தூக்கிக் காட்டினேன்.

“அது கூடாது. அதைப் பாத்தால் உள்ளுக்கு வர மனம் வராது.”

“பேய்ப் படம் எண்டால் ஆக்கள் பயப்பிடத்தானே வேணும்?”

“ஆக்களுக்கு இல்லை அம்மா. அப்பாவுக்கு.”

நான் இரத்தக் கையை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். அவள் மூட்டுகளில் கிளிப் போட்ட எலும்புக்கூடுகளை ஒவ்வொன்றாகச் சிரிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே மிகச் சாதாரணமாகச் சொன்னாள். “மோர்த்தி அண்டைக்கு வருவார் எல்லோ. இந்த முறைதானே எங்களுக்கு இஞ்சை ஒராள் இருக்கிறார். அவருக்கு விசா வேண்டாம்.”

அவளுடைய குரலில் கவலை இல்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வகுப்பில் எல்லாரிடமும் இருக்கிற ஒரு சாமான் தனக்கும் கிடைத்துவிட்ட பிள்ளையின் குரல் அது. நான் “ம்” என்று சொல்லிவிட்டுப் படங்களை ஒட்டச் செலோரேப் எங்கே இருக்கிறது என்று தேடிப் போனேன்.

அந்த இடத்தில் எனக்கு இரண்டு வழி இருந்தது. செத்தவர்கள் வருவதில்லை, சிஞ்ஞோரா வீட்டுக் கூடையை ஒளிப்பவள் நான்தான் என்று சொல்லியிருக்கலாம். அல்லது வாயைப் பொத்திக்கொண்டு ஒரு பொம்மையை வாங்கி அவளுக்குத் தெரியாமல் ஒளித்துவைத்திருக்கலாம். இந்த ஊர்த் தாய்மார் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள், அது பெரிய வித்தை இல்லை. அதற்கு நாளும் இருந்தது. ஆனால் முதலாவதைச் சொல்ல எனக்கு அப்பா என்ற சொல் வாயில் வரவேண்டும். இரண்டாவதைச் செய்ய, இவர் என்ன வாங்கியிருப்பார் என்று ஒரு நிமிசமாவது நினைத்துப் பார்க்கவேண்டும். என்னால் இரண்டும் ஏலாது. அது மட்டும் அப்போதே எனக்கு நன்றாகத் தெரிந்தது.

கடைசியில் அவள் எடுத்தவை: வாய் நிறையச் சிரிக்கும், தொப்பி போட்ட ஒரு எலும்புக்கூடு, கறுப்பு வௌவால்கள் ஒரு பைக்கற், துணியில் அச்சடித்துச் சட்டத்தில் இழுத்துக்கட்டிய ஒரு படம். அந்தப் படத்தில் ஒரு பழைய வீடு, மேலே நிலா, எல்லா யன்னலிலும் மஞ்சள் வெளிச்சம், வாசல்வரை வளைந்து போகும் ஒரு பாதை. பேய் ஒன்றும் இல்லாத ஹலோவீன் படம் அந்தக் கடையிலேயே அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒட்டினோம். அவள் கதிரையில் ஏறி நின்று சொல்லச் சொல்ல நான் செலோரேப்பைப் பல்லால் கடித்துக் கொடுத்தேன். வேறு சுவரில் ஒட்டலாமே என்று கேட்டுப் பார்த்தேன். கதவைத் திறந்தவுடன் தெரிவது தெற்குச் சுவர்தான், அதனால் அதில்தான் ஒட்டவேண்டும் என்றாள். இவருடைய படம் நடுவில். அதைச் சுற்றி வௌவால்கள், எல்லாம் இவரை நோக்கிப் பறப்பதுபோல. பக்கத்தில் எலும்புக்கூடு, அதன் ஒரு கையை உயர்த்தி இவர் படத்துச் சந்தனமாலையின் நுனியைப் பிடித்திருப்பதுபோல வைத்தாள். வீட்டுப் படத்துக்கு ஆணி இல்லாததால் கீழே இருந்த சப்பாத்துப் பெட்டிக்கு மேல் சாத்திவைத்தாள். பின்னால் தள்ளி நின்று பார்த்தாள். வலதுபக்கம் ஒரு வௌவால் சரிந்திருக்கிறது என்று அதைக் கழற்றித் திரும்ப ஒட்டச் சொன்னாள்.

பார்க்க எப்படி இருந்தது என்று கேட்டால், உண்மையைச் சொல்கிறேன், வடிவாய்த்தான் இருந்தது. கியூவில் நின்று களைத்த அந்த முகத்தைச் சுற்றி ஒரு ஊர்வலம் வந்ததுபோல இருந்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு அதைப் பார்த்துச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. குனிந்து நிலத்தில் கிடந்த செலோரேப் துண்டுகளைப் பொறுக்கினேன்.

ஹலோவீன் அன்று சிஞ்ஞோரா எனக்கு ஒரு சின்னப் பெட்டி தந்தார். உள்ளே பாதாம் இனிப்பில் செய்த பழங்கள், ஒரு தோடம்பழம், ஒரு பேரிக்காய், இரண்டு அத்திப்பழம். “உன் மகளுக்கு, அவளுடைய அப்பா தந்தது என்று சொல்” என்று என் கையைப் பிடித்து அழுத்தினார். நன்றி சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். பிரான்காச்சோவுக்கு வந்து இறங்கும்போது பெட்டி வெறுமையாய் இருந்தது. வழியில் எல்லாவற்றையும் நானே தின்றிருக்கிறேன். பசியும் இல்லை. இனித்ததா என்று கேட்டால் அதுவும் தெரியாது. பெட்டியைக் குப்பைத்தொட்டிக்குள் போட்டுவிட்டு மேலே ஏறிப் போனேன்.

அடுத்தநாள் விடுமுறை. எங்கள் ஆட்களுக்கும் வீட்டுவேலை இல்லாத நாள் என்பதால் இவருடைய அக்கா பகேரியாவிலிருந்து ரெயினில் வந்தா. எனக்கு மச்சாள், மகளுக்கு மாமி. தம்பியைத் தூக்கி வளர்த்தவ. செத்தவீட்டில் நெஞ்சிலடித்து அழுதவ. நான் அழாததை இன்றுவரை மன்னிக்காதவ. அவ வரும்போது மகள் வீட்டில் இல்லை. கீழ்வீட்டுப் பெண் தன் பிள்ளைகளோடு அவளையும் விளையாட்டுச் சாமான் சந்தை பார்க்கக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள்.

மச்சாள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தலையை நிமிர்த்தினா. கையிலிருந்த பை அப்படியே கீழே இறங்கியது.

“இதென்ன கோலம் பிள்ளை?”

“ஹலோவீன் மச்சாள். பிள்ளை ஆசைப்பட்டாள்.”

“ஆசைப்பட்டால்? என்ர தம்பியைக் கொண்டுபோய்ப் பேயளுக்கு நடுவிலை வைக்கிறதோ?”

நான் தேத்தண்ணி வைக்கப் போனேன். அவ கொஞ்சநேரம் தனியே புறுபுறுத்துவிட்டு, வந்த கையோடு சமையலையாவது பார்ப்போம் என்று குசினிக்குள் வந்தா. தம்பிக்கு விருப்பமான புட்டும் சம்பலும் செய்து படத்துக்கு முன்னால் படைக்கவேண்டும் என்று தேங்காயும் கொண்டுவந்திருந்தா. தேங்காயை உடைத்தபிறகுதான் அதைத் திருவும் திருவலை இல்லை என்று தெரிந்தது. ராக்கைக்கு மேல் பார்த்தோம், மேசைக்குக் கீழ் பார்த்தோம். அவ்வளவு பெரிய இரும்புச் சாமான் எங்கே போகும்? கடைசியில் மச்சாள்தான் மகளின் கட்டிலுக்கடியிலிருந்து அதை இழுத்தெடுத்தா. ஒரு பழைய துவாயால் நன்றாகச் சுற்றி, மேலே அவளுடைய பள்ளிக்கூடப் புத்தகங்களை அடுக்கி ஒளித்துவைத்திருந்தாள்.

எனக்குப் பார்த்தவுடன் விளங்கியது. மோர்த்திக்கு முதல்நாள் இந்த ஊர் வீடுகளில் சீஸ் துருவும் துருவியை ஒளித்துவைப்பார்கள். குழப்படி செய்த பிள்ளைகளின் காலைச் செத்தவர்கள் வந்து துருவிவிடுவார்களாம். சிஞ்ஞோரா வீட்டிலும் பேரப்பிள்ளைகள் ஒளிப்பார்கள். எங்கள் வீட்டில் துருவி இல்லை. பிள்ளை திருவலையை ஒளித்துவிட்டாள். இதை நான் மச்சாளுக்குச் சொல்லியிருக்கக் கூடாது. வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன்.

மச்சாள் திருவலையை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தா. “பெத்த தேப்பன் வந்து பிள்ளையின்ர காலைத் திருவுவானோ?” என்றா. பிறகு குரல் மாறியது. “அப்ப இவள் அவன் வருவான் எண்டு காத்துக்கொண்டிருக்கிறாள், என்ன?”

“ஓம்.”

“நீ ஒண்டும் சொல்லேல்லையோ?”

“இல்லை.”

“பிள்ளை, ஆட்டைத் திவசம் இன்னும் முடியேல்லை. சீவன் இன்னும் அலைஞ்சு திரியிற நேரம். இப்பிடிப் பேயளுக்கு நடுவிலை வைச்சுக் கூப்பிட்டால் அவன் பேயாத்தான் வருவான். என்ர தம்பி பேயாத் திரியக்கூடாது. ஒண்டில் அந்தப் பேப்பருகளைக் கிழி, இல்லாட்டி அவனைக் கழட்டு.”

அவ கோபத்தில் சொல்லவில்லை. உண்மையாகவே பயந்திருந்தா. எனக்கு அவவைப் பார்க்க இரக்கமாய் இருக்கவேண்டும், ஆனால் என் மூளை வேறு கணக்கில் ஓடியது. செலோரேப்பை உரித்தால் சுவர்ப் பூச்சும் சேர்ந்து வரும், பிறகு வீட்டுக்காரன் வந்து நின்று கத்துவான். மகள் வந்து ஏன் கிழித்தாய் என்று கேட்பாள். படத்தைக் கழற்றுவது சுலபம். கதிரையில் ஏறிக் கழற்றினேன். அவ்வளவுதான் அதற்கு நான் செய்த யோசனை.

மச்சாள் படத்தை வாங்கி முந்தானையால் துடைத்து, கண்ணில் ஒற்றி, கொஞ்சநேரம் அழுதுவிட்டு ஒரு வெள்ளைத் துவாயால் சுற்றித் தந்தா. நான் அதை என் அறை அலுமாரிக்குள், இவருடைய சேட்டுகளுக்குக் கீழே, இவர் வீட்டில் இடுப்பில் கட்டும் சாரங்களின் அடுக்குக்கு மேல் வைத்தேன். அந்த அலுமாரிக் கதவு பூட்டாவிட்டால் நில்லாது, தானாய்த் திறந்து வந்து காலில் இடிக்கும். பூட்டித் திறப்பை எடுத்து என் கைப்பைக்குள் போட்டேன். வெளியே வந்து பார்த்தால் வௌவால்கள் எல்லாம் ஒரு வெறும் ஆணியை நோக்கிப் பறந்துகொண்டிருந்தன. அது கண்ணை உறுத்தியது. கீழே சாத்திவைத்திருந்த வீட்டுப் படத்தை எடுத்து அந்த ஆணியில் மாட்டிவிட்டேன்.

மச்சாள் படத்துக்கு முன்னால் படைக்கவந்த புட்டை அலுமாரிக்கு முன்னால் படைத்துவிட்டு, எங்களுக்கும் ஒரு வாய் வைத்துவிட்டு, பொழுதுபட முதல் ரெயினுக்குப் போய்விட்டா.

மகள் சந்தையால் வந்தாள். கையில் ஒன்றும் இல்லை. வழக்கமாக அது வேண்டும் இது வேண்டும் என்று வருபவள், அன்று கீழ்வீட்டுப் பெண் ஏதோ வாங்கித் தர வந்தும் வேண்டாம் என்றுவிட்டாளாம். நாளைக்குத் தனக்கு வரும் என்று சொன்னாளாம். கதவடியிலேயே நின்று சுவரைப் பார்த்தாள்.

“அப்பா எங்கை?”

“அலுமாரிக்கை.”

“ஏன்?”

“மாமி பயந்திட்டா. பேய்ப் படங்களோடை வைக்கக்கூடாதாம்.”

“பூட்டினதோ?”

“பூட்டாட்டி அந்தக் கதவு நிக்காது, உனக்குத் தெரியும்தானே.”

மாட்டியிருந்த வீட்டுப் படத்தை அண்ணாந்து பார்த்தாள். கைகால் கழுவினாள். மாமி அவித்துவைத்த புட்டைச் சாப்பிட்டாள். படுக்கப்போகமுன் குசினிக்குள் வந்து திருவலையைத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பவும் கட்டிலுக்கடியில் வைத்தாள். நான் அவளைத் தடுக்கவும் இல்லை, நாளைக்கு ஒன்றும் வராது என்று சொல்லவும் இல்லை.

காலையில் நான் குசினியில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருக்கும்போது அவள் தேடத் தொடங்கிவிட்டாள். முதலில் தன் கட்டிலுக்கடியில். பிறகு வரவேற்பறையில் சோபா மெத்தைகளைத் தூக்கும் சத்தம் கேட்டது. யன்னல் சீலைகளை விலக்கிப் பார்த்தாள். சப்பாத்துப் பெட்டிக்குள் பார்த்தாள். குளியலறையில் உடுப்புக் கூடையைக் கொட்டிப் பார்த்தாள். குசினிக்குள் வந்து எனக்குக் காலைவணக்கம் சொல்லிவிட்டு அரிசி வாளியைத் திறந்து கையை விட்டுப் பார்த்தாள். கீழ்வீட்டிலும் பிள்ளைகள் தேடிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று அங்கே ஒரு பெரிய கூச்சல் எழும்பியது, ஏதோ கிடைத்துவிட்டது. அவள் அரிசி ஒட்டிய கையோடு நின்று அதைக் கேட்டாள். எனக்கு அப்போதும் ஒன்றும் வரவில்லை. தேத்தண்ணிக்குச் சீனி போட்டேன்.

“அம்மா, அலுமாரித் திறப்பைத் தாங்கோ” என்றாள்.

கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவளுக்குப் பின்னாலேயே நானும் போனேன். கதவைத் திறந்தாள், அது வழக்கம்போல வந்து அவளுடைய காலில் இடித்தது. சாரங்களுக்கு மேல் வெள்ளைத் துவாயில் சுற்றிய படம் நேற்று வைத்தபடியே கிடந்தது. அவள் அதற்குப் பின்னால் பார்த்தாள், கீழே பார்த்தாள், சப்பாத்துப் பெட்டிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தாள். பிறகு துவாயைக் கொஞ்சம் விலக்கி இவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடினாள். அவள் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை.

“பூட்டினபடியாலை அவருக்கு வெளியிலை போய் வாங்க ஏலாமப் போட்டுது” என்றாள். கொஞ்சம் யோசித்தாள். “பாவம். அடுத்த முறை பூட்டாதேங்கோ அம்மா.”

“ஓம்” என்றேன்.

அவள் விலகினாள். நான் அலுமாரியைப் பூட்டவேண்டும், அவ்வளவுதான் மிச்சம். அதற்குள் ஒன்றும் இராது என்று எனக்குத் தெரியும். வாங்கவேண்டியவள் நான், நான் வாங்கவில்லை. அந்த வீட்டில் அதை நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். ஆனால் நான் கதவைச் சாத்தாமல் உள்ளே குனிந்தேன். தொங்கிக்கொண்டிருந்த சேட்டுகளை ஒரு பக்கம் தள்ளினேன். ஒவ்வொரு சேட்டின் பொக்கெற்றுக்குள்ளும் விரலை விட்டுப் பார்த்தேன். காற்சட்டைப் பொக்கெற்றுகளையும் வெளியே இழுத்துப் பார்த்தேன். சாரங்களை ஒவ்வொன்றாக விரித்து உதறினேன். மகளுக்காகத் தேடவில்லை. இவர் எனக்கு ஏதாவது வைத்துவிட்டுப் போயிருப்பார் என்றுதான் தேடினேன். இத்தனை மாதமாக நானும் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வேலைக்குப் போன மனிசன் பின்னேரம் வரும்போது ஏதாவது வாங்கிக்கொண்டு வருவார் என்று, ஒருவருக்கும் சொல்லாமல், எனக்கே சொல்லாமல்.

“அம்மா” என்று பின்னாலிருந்து மகள் சொன்னாள். “அங்கை ஒண்டும் இல்லை. நான் பாத்திட்டன்.”

அத்தனை பேர் தோளைப் பிடித்து உலுக்கிச் சொல்லியும் எனக்குள் போகாத செய்தி அப்போதுதான் போனது. கையில் கிடந்த சாரத்தோடு நிலத்தில் இருந்துவிட்டேன். வாயிலிருந்து வந்த சத்தம் என்னுடையதா என்று எனக்கே தெரியவில்லை. மகள் பயந்துபோய் கிட்ட வந்து, அரிசித் தூள் ஒட்டிய கையால் என் தலையைத் தடவி, “அடுத்த முறை வருவார் அம்மா, அடுத்த முறை வருவார்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.